கமலவேணியின் ஷிப்டு அட்டவணை

அடுத்த வீட்டுக் கலியபெருமாள் மாமாவுக்கு மில்லில் தறி வேலை. ஒரு வாரம் முதல் ஷிப்டு, அடுத்த வாரம் இரண்டாவது, அதற்கடுத்த வாரம் நைட். முதலியார்பேட்டையில் பாதிப் பேருக்கு அப்போது அப்படித்தான். ஆனால் அப்பாவின் ஷிப்டை வைத்து வீட்டுப்பாடத்துக்கு அட்டவணை போட்டவள் அவர் மகள் கமலவேணி ஒருத்திதான்.

போடாமல் என்ன செய்வாள்? வீடென்று பேர், இருந்தது ஒரே அறை. மாமா நைட் முடித்து விளக்கு வைக்கும்வரை தூங்கினால் பாத்திரம்கூடச் சத்தமில்லாமல் கழுவ வேண்டும். முதல் ஷிப்டு என்றால் சாயங்காலம் வீட்டில் இருப்பார்; கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேர் வந்து ஊர்க்கதை பேசுவார்கள். இரண்டாவது ஷிப்டில்தான் மத்தியானம் போனவர் ஊர் அடங்கித் திரும்புவார். ஆகவே கதவுக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தாள்: நைட் வாரம் மேப்பும் படமும், முதல் ஷிப்டு வாரம் கணக்கு, இரண்டாவது ஷிப்டு வாரம் மனப்பாடம். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். அந்த வாரம் மட்டும் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வாள். அவள் சரித்திரம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். நான் பாதிப் பாடத்தை அப்படிக் காதாலேயே படித்தவள்.

நாங்கள் பத்தாம் வகுப்பு. தை பிறந்ததும் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பரீட்சை வைப்பார்கள். அதில் தவறினால் அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். கமலவேணி அரைப் பரீட்சையில் சரித்திரத்தில் கோட்டை விட்டிருந்தாள். பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிற அவள் அம்மா ஜெயம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டியும் தவறினா படிப்பு போதும். எங்கூட வந்து பூ கட்டு."

அந்த மார்கழியில்தான் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. ஷிப்டுக்கு ஊதும் சங்கு நின்றது. எல்லாரும் அரிசிக்குக் கவலைப்பட்டார்கள். கமலவேணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எந்நேரமும் வூட்டுல இருந்தா நான் எங்கடி படிக்கிறது?" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

ஆனால் மாமா வீட்டில் தங்கவில்லை. அந்த முதல் வாரமே, மத்தியானமானால் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எல்லாரும் படுத்த பிறகுதான் வருவார். எங்கள் சந்துக்குச் சொல்லவா வேண்டும்? சாராயக்கடைக்குப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஜெயம் அத்தை வாசலிலேயே நிறுத்தி, "வாய ஊதுய்யா" என்பாள். பீடி நாற்றம்தான் வரும்.

"இல்லாத வேலைக்கு எங்கய்யா போற?"

"வேலையாத்தான் போறேன், வுடு."

கமலவேணிக்கும் அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அறை கிடைத்ததே என்று படித்தாள். சில நாள் அழுதுகொண்டே படித்தாள்.

தாவரவியல் ஆல்பத்துக்கு இலை ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் நானும் அவளும் பொட்டானிக்கல் கார்டனுக்குப் போனோம். காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் இலையைக் கிள்ளப் போனால், மரத்தடி பெஞ்சில் கலியபெருமாள் மாமா! பக்கத்தில் தூக்கு, காலடியில் வேர்க்கடலைத் தோல்.

"ஏம்பா, இங்க இன்னா பண்ற?"

அவர் அதட்டினார். "நீ ஏம்மா வந்த? இது ரெண்டாவது ஷிப்டு வாரமாச்சே, நீ சத்தமா படிக்கிற நேரம்!"

எங்களுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மில் மூடிக் கிடந்தாலும் மனிதர் சுவரில் இருந்த ஷிப்டைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் வூட்டுல இருந்தா நாலு பேரு வருவானுங்க. உன் படிப்பு கெட்டுப்புடும்" என்றார்.

"அப்ப அடுத்த வாரம் நைட் வருதேப்பா, எங்க போவ?"

"பஸ் ஸ்டாண்டு இருக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நைட் வாரத்தில் அவள் படம்தானே போடுகிறாள்? ராத்திரி முழுக்க இவர் மார்கழிப் பனியில் கிடந்தால் யாருக்கு லாபம்? கேட்டேவிட்டேன்.

"ஷிப்டுன்னா ஷிப்டுதாம்மா" என்றார்.

கமலவேணி தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாப்பா வூட்டுக்கு" என்றாள். இலையை இருவருமே மறந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் சுவரை அழித்தாள். நைட் இருந்த இடத்தில், இரண்டாவது ஷிப்டு இருந்த இடத்தில், எல்லா இடத்திலும் ஒன்றையே எழுதினாள்: அப்பாவிடம் ஒப்பித்தல். மறுநாள் முதல் மாமா புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக்கூட்டி விரலை நகர்த்துவார். அவள் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் விரல் நின்றுவிடும். வழக்கமான நாலு பேர் வாசலில் வந்து கூப்பிட்டபோது தலையை நிமிர்த்தாமலே, "டூட்டில இருக்கேன்பா, அப்பால வாங்க" என்றார்.

தையில் நடந்த பரீட்சையில் கமலவேணி சரித்திரத்தில் தேறினாள். ஜெயம் அத்தை ஒரு முழம் கனகாம்பரத்தை அவள் தலையில் வைத்துவிட்டு, பூக்கட்ட இனிமேல் கூப்பிடுவதில்லை என்றாள்.

மாசியில் மில் திறந்தது. மறுபடியும் சங்கு ஊதியபோது சந்தே வாசலுக்கு வந்து நின்றது. மாமா சட்டையை மாட்டி, தூக்கை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கியவர், பாதித் தெருவில் நின்று திரும்பினார்.

"இன்னிக்கி யாருகிட்டம்மா ஒப்பிப்ப?"