நல்லுசாமியின் கட்டைவிரல்

பெரும்பாறை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நல்லுசாமி அண்ணன் டீ குடிப்பதை ஒரு வருஷமாகப் பார்த்துவருகிறேன். பாதி குடித்ததும் கிளாஸைக் கீழே வைப்பார். வலதுகைக் கட்டைவிரலைப் பெஞ்சு ஓரத்தில் ஊன்றி அழுத்துவார். நகம் வெளுக்கும். தலை மேட்டுப்பக்கம் லேசாகச் சாயும். அப்புறம்தான் மேலே காப்பி மில்லில் சங்கு ஊதும். அது இழுத்து, இறங்கி, பனிக்குள் கரைகிறவரை விரலை எடுக்க மாட்டார். ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருப்பார். பிறகு விரலை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடிப்பார். ஆரஞ்சு வாங்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவர், இவர் அழுத்துவதால்தான் மேலே ஊதுகிறதோ என்று கடைக்காரரிடம் விசாரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை.

அந்தச் சங்கை வெகுகாலம் ஊதியவர் அவர்தான். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. மில்லில் எஞ்சின் ரூம் காவல் அவருக்கு; சங்குப் பட்டனும் அங்கேதான். ஷிப்டுக்காக வைத்த சங்குதான். ஆனால் மில்லுக்குப் போகாதவர்களும் அதைக் கேட்டுத்தான் காலையில் வீட்டை விட்டு இறங்குவார்கள். நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து பஸ் ரோட்டுக்குக் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை. வெள்ளனே அதில் காட்டுமாடுகள் நிற்கும். சங்கு எழுந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் ஓடைப்பக்கம் இறங்கிவிடும். யாரும் பழக்கியதில்லை. மாடுகளும் மனுஷரும் தாங்களாகவே பழகிக்கொண்டார்கள்.

போன வருஷம் ஐப்பசியில் மில்லில் ஸ்டிரைக் வந்தது. தற்காலிகம் என்று வருஷக்கணக்கில் வைத்திருந்தவர்களை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டார்கள். மில் கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். அண்ணனும் உட்கார்ந்தார். சங்கத் தலைவர் ராஜ்மோகன் முதல் நாளே சொன்ன விஷயம், சங்கு ஊதக் கூடாது என்பது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முந்தின ஸ்டிரைக்கில் நிர்வாகம் யாரையோ வைத்து ஊதிவிட்டது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப்பேர் உள்ளே போய்விட்டார்கள். அந்தப் போராட்டம் அன்றைக்கே செத்தது. இந்த முறை எஞ்சின் ரூம் சாவி அண்ணன் இடுப்பிலேயே இருந்தது.

ஒரு வாரத்தில் மாடுகளுக்குத் தெரிந்துவிட்டது. பாதையை விட்டு நகரவில்லை. விடிந்தபிறகும் லைன் வீட்டு வாசல்வரை வந்து நின்றன. வெடி போட்டார்கள், தட்டைத் தட்டினார்கள். இரண்டொரு நாள் விலகிவிட்டுப் பிறகு அதையும் கேட்டுக்கொண்டே மேய்ந்தன. எல்லாரும் சங்கு நேரத்துக்கு எழுந்து வாசலில் நின்றோம். மலை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது மாதிரி இருக்கும். சில பேர் ஊதியது மாதிரி கேட்டதாகச் சொன்னார்கள். எனக்கும் கேட்டது.

ரேஷன் கடை முன்னால் கூட்டம் போட்டார்கள். அதிகம் பேசியது பாண்டியம்மாள். அவர் மில் ஆள் இல்லை. பஸ் ரோட்டில் தள்ளி இருக்கிற ஒரு தோட்டத்துக்கு ஆரஞ்சு பறிக்கப் போகிறவர். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் அன்றைக்கு வேலை.

“உங்க சண்டை மொதலாளியோடண்ணே. எங்களுக்குக் கஞ்சி அந்தப் பாதையிலதான் கெடக்கு. வெள்ளனே ஒரு தடவை ஊதிட்டுப் போங்களேன்.”

ராஜ்மோகன் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். சங்கு ஊதினால் ஆள் உள்ளே போய்விடும், அப்புறம் யார் வெளியே நிற்பது என்றார். கூட்டத்தில் ஒருத்தர், நல்லுசாமியை வாயால் ஊதச் சொல்லுங்க, அவருக்கு மூச்சு ஜாஸ்தி என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். போகும்போது பாண்டியம்மாளிடம், “பாப்போம் தங்கச்சி” என்றார்.

“நீங்க பாக்கறதுக்குள்ள மாடு பாத்துரும்ணே” என்றார் அவர்.

அதற்கு நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, கையை நீட்டினால் கை தெரியாத பனி. நான் தண்ணீர் பிடிக்கக் குழாயடியில் நின்றேன். மேட்டுப்பக்கமிருந்து அண்ணன் இறங்கி வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி போனார். ஒதுங்கப் போய் வருகிறார் என்று நினைத்தேன். குடம் நிரம்புவதற்குள் கீழே பாதையில் சத்தம் கேட்டது.

மாடு முட்டிக் கிடந்த பாண்டியம்மாளை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மலை இறங்குவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

எடுக்கிற அன்றைக்கு, பாண்டியம்மாளின் தம்பி சோலைமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணனிடம் வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தோம். சத்தமே போடாமல் கேட்டான்.

“சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு?”

அண்ணன் வாயைத் திறந்தார். பக்கத்தில் ராஜ்மோகன் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஸ்டிரைக்காரர்கள் எல்லாரும். திறந்த வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டம்மா அன்னக்கொடி குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

ஸ்டிரைக் அந்த மாதமே முடிந்தது. பாதிப்பேரை நிரந்தரமாக்கினார்கள். சங்கு ஊத அண்ணனைக் கூப்பிட்டபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் களத்தில் காப்பி காயப்போடுகிற வேலைக்குப் போய்விட்டார். இப்போது வேறொருத்தர் ஊதுகிறார். மாடுகள் பழையபடி தலையைத் தூக்கி, ஓடைக்கு இறங்குகின்றன. அந்த விரலைப் பற்றி ஊரில் சொல்வது, அன்றைக்கு ஊதாத பாவத்துக்குத் தினமும் ஊதிப் பார்க்கிறார் என்று. அன்னக்கொடி அக்கா ஒருமுறை எங்கம்மாவிடம் வேறு மாதிரி சொன்னார். தூக்கத்திலும் பாயில் அழுத்துகிறாராம். எழுப்பினால், கேக்குதா, கேக்குதா என்கிறாராம்.

போன மாதம் வத்தலக்குண்டு பஸ்ஸில் மில் எலக்ட்ரீசியன் வேலுச்சாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்குகிற இடம் வரப்போகிற நேரத்தில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஸ்டிரைக் தொடங்கிய அன்றைக்கே, சாவி ஸ்டிரைக்காரர்களிடம் இருக்கிறதே என்று ஆபீஸில் சொல்ல, ஆபீஸ் போர்டில் இருந்த சங்கு லைன் ஃபியூஸைக் கழற்றிவிட்டாராம். வெளியே உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியாது. ஸ்டிரைக் முடிந்து மறுபடி மாட்டுவதற்கு முன்னால் போய்ப் பார்த்தால், எஞ்சின் ரூம் பூட்டுத் திறந்தபடி கொக்கியில் தொங்கியதாம். உள்ளே சங்குப் பட்டன் அழுத்தினபடியே சிக்கிக் கிடந்திருக்கிறது, மூடி நடுவில் விரிசல் விட்டு.

அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

“எப்படிச் சொல்றது தம்பி” என்றார். புதுப் பட்டன் மாட்டிவிட்டு, உடைந்ததைத் தன் டூல்ஸ் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறார்.