வேம்புலி வீட்டு நிலைப்படி

நாற்பத்திரண்டு வருஷம் திருநின்றவூர் ஏரிக்கரையில் நடந்த வேம்புலி ஒரு நாளும் வழுக்கி விழுந்ததில்லை. மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவது அவர் வேலை. அறுபத்தெட்டு வயதில், 1936-ல், சொந்த வீட்டுக்குள் மூன்று தடவை விழுந்தார். மூன்றாவது தடவை இடுப்பு வீங்கி இருபது நாள் பாயில் கிடந்தார்.

மணியக்காரர் வீரராகவன் பார்க்க வந்தார். "வயசாயிடுச்சி அண்ணாத்தே. கரையில உழுந்தா தூக்க ஆளில்ல. சித்திரையில மதகுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் வேம்புலிக்குச் சுருக்கென்று தைத்தது. மதகு போனால் அப்புறம் அவர் யார்?

வயசாம், வயசு! யார் விழுந்தாலும் வயசின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வாய்க்கால் உடைந்தால் எங்கே உடைந்தது என்று தேடிப் பார்க்கிற மனுஷர் அவர். படுத்தபடியே மூன்று தடவை விழுந்ததையும் யோசித்தார். மூன்றும் வாசலில். மூன்றும் உச்சி வெயிலிலிருந்து இருட்டு வீட்டுக்குள் நுழையும்போது. நிலைப்படி முக்கால் முழ உயரம். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருப்பதால் மிதிக்கக் கூடாது, காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். கையில் சுமை வேறு.

எழுந்து உட்கார்ந்ததுமே பூந்தமல்லி தச்சர் தஸ்தகீரை வரவழைத்தார். "நிலைப்படியில நாலு விரல் அறுத்துடு பாய். புடிச்சிக்க பக்கத்துல ஒரு கட்டை அடி."

மனைவி முத்தம்மாள் வாசலை மறித்தாள். "லட்சுமி குந்திகினு கீற எடம். ரம்பம் வெக்கலாமா?"

"நான் இடுப்பொடிஞ்சி கெடந்தா லட்சுமிக்கு சந்தோசமா? நான் ஏரிக்குப் போயே தீருவேன். நவுரு."

ரம்பம் இரண்டு இழுப்பு இழுத்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவள், "நாலு பத்தாது பாய், ஆறு விரலா அறு" என்றாள்.

தஸ்தகீர் நிறுத்தினார். முத்தம்மாள் முந்தானையை விலக்கி முழங்கையைக் காட்டினாள். கன்றிப்போயிருந்தது. "தவலை இடிச்சிதுன்னு சொன்னேனே, பொய்யி. நானும் இதே படியில ரெண்டு தபா உழுந்துட்டேன்."

வேம்புலி அந்தக் கையை வாங்கிப் பார்த்தார். சொன்னால் தன்னையும் மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள், பாவி.

அடுத்த வெள்ளிக்கிழமை நிலைப்படியோடு புதுக் கட்டைக்கும் மஞ்சள் பூசியிருந்தது. வேம்புலி அதைப் பிடித்து இறங்கி, மண்வெட்டியோடு ஏரிக்குக் கிளம்பினார். மணியக்காரர் வீட்டு வழி கொஞ்சம் சுற்றுதான். அந்த வழியாகவே போனார்.