எட்டு கீ

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நான் ஹுமாயூன், கடலூரில் டைப்ரைட்டர் மெக்கானிக். பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள். ஆனால் சிதம்பரத்தில் அன்று பட்டப்பகலில் நடந்ததை நானும் பார்த்தேன், மாலதியும் பார்த்தாள்.

மாலதி கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். சிக்குன்குனியா வந்ததிலிருந்து அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. சாதா மிஷினை அழுத்தி அடிக்க முடியாது. அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு எலக்ட்ரிக் டைப்ரைட்டர் வாங்கினாள். தொட்டாலே எழுத்து விழும். வாங்கிய வாரமே எனக்குப் போன் வந்தது.

“அதுவா அடிக்குது பாய். ஸ்டாம்ப் பேப்பரெல்லாம் பாழாப் போவுது. இது சரியாவலன்னா கடைய மூட வேண்டியதுதான்.”

சிதம்பரத்துக்கு நான் பஸ் ஏறியது அன்றோடு மூன்றாவது தடவை. பெல்ட்டை மாற்றியாயிற்று. ஸ்பிரிங்கை இறுக்கியாயிற்று. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் பாடியில் கரண்டும் கசியவில்லை. நான் உட்கார்ந்தால் மட்டும் சமர்த்தாக ஓடும், எழுந்தால் வேலையைக் காட்டும். சுத்தியலால் ஒரு போடு போடலாமா என்றிருந்தது.

மணி இரண்டே கால். மூடியை மாட்டிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்தேன்.

டக்... டக்... டக்... டக்...

திரும்பினேன். பேப்பரில் எட்டு எழுத்து. ஏ, எஸ், டி, எஃப்... அடுத்து ஜே, கே, எல், செமிகோலன்.

டைப்பிங் படிக்கிறவர்கள் முதல் நாள் விரல் வைக்கிற எட்டு கீ அவை. சாதா மிஷினில் பழகியவர்கள் எலக்ட்ரிக்கிலும் விரலை அப்படியே சாய்த்து வைப்பார்கள், எழுத்து விழுந்துவிடும். ஆனால் மிஷின் முன்னால் யாரும் இல்லை.

கிட்டே போனேன்.

எட்டு கீயும் கீழே இறங்கியிருந்தன. மேலே வரவில்லை. மோட்டார் உர்ர்ர்... என்று முக்கியது.

பயத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

“கைய எடு” என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று தெரியாது.

எடுக்கவில்லை.

கீயெல்லாம் நடுங்க ஆரம்பித்தன...

“ப்ளக்க புடுங்குங்க பாய்.” மாலதி சுவரோரமாக ஒதுங்கினாள்.

பிடுங்கினேன்.

மோட்டார் நின்றது. கீ மட்டும் அப்படியே...

பிறகு, ஒவ்வொன்றாக மேலே வந்தன.

காலி நாற்காலியில் யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக.

அதற்குப் பிறகு மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. மாலதி தினமும் அதில்தான் அடிக்கிறாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதை அவளுக்கு விற்ற கோவிந்தசாமியின் பழைய சாமான் கடைக்குப் போய், எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“கம்மாபுரம் பக்கம், ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல பாய். ஒரு பொண்ணு ஷாக் அடிச்சி செத்துப் போச்சி, அதோட மூடிட்டாங்க. அன்னிக்குத்தான் மொதமொதலா எலக்ட்ரிக்குல ஒக்காந்துச்சாம். கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்குதுன்னு சொல்லிக் குடுக்குற சாரு நெனச்சிட்டாரு. ‘கைய எடு, கைய எடு’ன்னு திட்டிக்கிட்டே நின்னிருக்காரு.”

அவளால் எடுக்க முடியவில்லை.

ப்ளக்கைப் பிடுங்க, அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையாம்.