அமாவாசையன்று எடுத்துப்போன டிரான்சிஸ்டர்

சிறு வயதில் எனக்குக் காலில் சக்கரம், வாயில் சவடால். இரண்டும் சேர்ந்து என்னை மாட்டிவிட்ட சமயங்கள் எத்தனையோ உண்டு. இன்றும் நான் வெட்கப்படுவது டிரான்சிஸ்டர் விஷயத்துக்குத்தான்.

அறுபதுகளின் நடுவில், காஞ்சிபுரத்தில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மிலிட்டரியில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார். காதில் சொருகிக்கொள்ள ஒரு ஒயரும் கூட வந்தது. எங்கள் தறிக்குப் பக்கத்துச் சுவரில், ஓர் ஆணியில் அது தொங்கும். அப்பா நெய்வார். கல்யாணமாகாத அத்தை எதிரே உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றுவாள். பாட்டு பாடிக்கொண்டே இருக்கும்.

வகுப்பில் சொன்னால் ஒருத்தியும் நம்பவில்லை. "ரேடியோன்னா பொட்டி மாதிரி இருக்கும். உன்னுது கையில அடங்குதாமா? புளுகாத" என்று பக்கத்தில் உட்காரும் லாரிக்காரர் மகள் எல்லார் முன்னாலும் சிரித்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எடுத்துப்போக நாள் பார்த்தேன். மற்ற நாட்களில் அந்த ஆணிப் பக்கம் போக முடியாது. ஆனால் அமாவாசையன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அப்பா குளித்துக் கோயிலுக்குப் போய்வந்து, விரதச் சாப்பாடு முடித்துத் தூங்கிவிடுவார். தறி ஓடாத நாளில் பாட்டு யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். பள்ளிக்கூடத்துக்கோ அமாவாசை லீவு கிடையாது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இடைவேளையில் காட்டியிருந்தால் போதும். எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே. மதியம் முதல் பீரியடிலேயே ஒயரைப் பின்னலுக்குள் விட்டுக் காதில் சொருகிக்கொண்டேன். "எனக்குடி, எனக்குடி" என்று லாரிக்காரர் மகள் இழுத்தாள். ஒயர் கழன்றது. வகுப்பு முழுக்க ஒரு பல்பொடி விளம்பரம் முழங்கியது.

டீச்சர் கையை நீட்டினார். "இது படிக்கிற எடமா, பாட்டு கேக்கற எடமா?"

பதில் எதிர்பார்க்காமல் கேட்ட கேள்வி என்று தெரியாமல், "ரெண்டும் பண்ணலாம் டீச்சர்" என்றேன். நான் வராந்தாவுக்குப் போனேன், டிரான்சிஸ்டர் டீச்சர்கள் அறைக்குப் போனது.

ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். தூணின் நிழல் நகருகிறதா என்று பார்த்தேன், நகரவில்லை. நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டேன். மூன்று மணிக்கு டீச்சர்கள் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. மாணவிகளுக்கு ஆகாதது டீச்சர்களுக்கு ஆகும் போலிருக்கிறது. கார்டு போட்டுக் கேட்டவர்களின் பெயரைச் சொல்லிப் பாட்டுப் போடும் நேயர் விருப்பம் நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகப் பெயர் வாசித்துக்கொண்டு வந்த அறிவிப்பாளர், "காஞ்சிபுரத்திலிருந்து" என்று சொல்லி அத்தையின் பெயரைச் சொன்னார். அடுத்து ஓர் ஆணின் பெயர். அத்துடன் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அத்தை கார்டு போட்டதே எனக்குத் தெரியாது. அந்த ஆணின் பெயர் தெரியும். சாயம் போட்ட பட்டு நூலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவருக்கும் அதே பெயர்தான். ஆனால் அந்தப் பெயரில் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு.

கடைசி மணி அடித்ததும், பேட்டரியில் பாதியைத் தீர்த்துவிட்டு டீச்சர் திருப்பிக் கொடுத்தார். "இனிமே கொண்டாந்தன்னா உங்க அப்பாதான் வந்து வாங்கிக்கினு போவணும்" என்றார். வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. அத்தை வாசலுக்கும் தறிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரு மாதமாக மூன்று மணி ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவள், அன்று பார்த்தால் ஆணி காலி. பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்கப் போனால், எதற்கு இத்தனை அவசரம் என்பார்கள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கூட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டது. அன்று எனக்கு அடி விழுமோ என்ற பயம் மட்டும்தான். அதனால் முந்திக்கொண்டேன்.

"அத்த, உன் பேரு ரேடியோல வந்துச்சி."

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் பேரு மட்டுமா?"

அடுத்து வந்த பெயரையும் சொன்னேன்.

"நடுவுல வேற யார் பேருனா படிச்சாங்களா?"

"இல்ல. உன் பேரு, உடனே அந்தப் பேரு."

அத்தைக்கு வருகிற தை மாதம் ஆரணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் பெயர் வேறு.

"இன்னொரு வாட்டி சொல்லுமா. ரேடியோல அவரு எப்பிடிச் சொன்னாரோ அப்பிடியே சொல்லு" என்றாள். குரலை மாற்றிக்கொண்டு சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள், அதன் பிறகும் சொல்லச் சொன்னாள். கேட்காமல் எடுத்துப்போனதற்கு இது தண்டனை என்றுதான் நினைத்தேன். சீக்கிரம் விட்டால் போதும் என்று அந்த இரண்டு பெயர்களையும் மூச்சுவிடாமல் சொல்லித் தீர்த்துவிட்டு, விளையாட ஓடிவிட்டேன்.