தொட்டிப் பக்கம் திரும்பாத ஈமு

எங்கள் தோட்டத்தில் ஈமு நாலு. ஒன்று விடிந்ததும் தொட்டியடியில் மண்டிபோட்டுக் குடித்தால் அன்றைக்கு அதோடு சரி. ஒன்று நாள் முழுக்கக் குடிக்கும். இன்னொன்றுக்கு நான் ஹோஸைப் பிடித்தால்தான் தாகமே எடுக்கும். நாலாவது பெட்டை தொட்டிப் பக்கமே திரும்பாது. முதலில் ஐந்து இருந்தன, போன கோடையில் ஒன்று வெயில் தாங்காமல் செத்துப்போனது. அடுத்தது இதுதான் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

குழம்பை அடுப்பில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். குண்டான், பேசின், அண்டா என்று மாற்றி மாற்றி வைத்தேன். மகாராணி மோந்துகூடப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேன்.

"தாகம் ஆளுக்கு ஆள் மாறும்ல, அது மாதிரிதான். நீ எதுக்குக் கெடந்து பறக்குற?" என்பார்.

"ஒங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீக! செத்துகித்துப் போச்சுன்னா நானுல்ல அழணும்?"

கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் தீயணைக்க ஒரு டிரம்மில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டு வேப்பமரத்தடியிலும் சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு சின்ன டிரம் வைத்திருந்தார். விடிந்ததும் வாயில் பிரஷோடு அதில் குழாயைத் திறந்துவிடுவார், தளும்பினால் மூடுவார். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. தீக்கு வைத்த தண்ணீரில் நாங்கள் யாரும் கை வைப்பதில்லை, அதனால் நானும் எட்டிப் பார்த்ததில்லை.

ஆடியில் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போனவர், அப்படியே சாத்தூரில் தங்கச்சி வீட்டில் தங்கிவிட்டார். நான் தொட்டியையே காவல் காத்துக்கொண்டிருந்தேன். டிரம் என் ஞாபகத்திலேயே இல்லை.

ஒரு மத்தியானம் வேப்பமரத்தடியில் டொக் டொக் என்று சத்தம். ஓடினேன். அந்தப் பெட்டை கழுத்து முழுவதையும் டிரம்முக்குள் விட்டு, காய்ந்த அடியை அலகால் கொத்திக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி மகளே! இங்கனயா குடிச்ச இம்புட்டு நாளா?"

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, மோட்டாருக்குக் கரன்ட் இல்லை. தொட்டித் தண்ணீரை இது தொடாதே என்று அடுப்படிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கவிழ்த்தேன். இன்னொரு குடம். குடிக்கவும் சமைக்கவும் இருந்ததெல்லாம் போயிற்று. அது தலையை நிமிர்த்தி ஒவ்வொரு வாயாக விழுங்க விழுங்க, நான் டிரம்மைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் அவரிடம் போனில் சொன்னேன். "அப்ப டிரம் காலியாவா கெடக்கு?" என்று பதறினார் மனிதர்.

இப்போதும் காலையில் குழாயைத் திறப்பது அவர்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் போய் எட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒரு சாண் குறைந்திருந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.