ஆட்டுக்கு ஒரு ஹேபியஸ் கார்ப்பஸ்

கல்யாணமான புதிதில், எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் சொல்லும் லத்தீன் வார்த்தைகள் புரியாமலே தட்டித் தட்டி வெறுத்துப்போய், பழைய புத்தகக் கடையில் சட்டச் சொல் அகராதி ஒன்றை வாங்கினேன். லத்தீன், ஆங்கிலம், பக்கத்திலேயே தமிழ் விளக்கம். ஒரே வாரத்தில் தலைக்கனம் ஏறிவிட்டது. ரசத்தில் உப்பு குறைந்தால்கூட 'பிரைமா ஃபேசி, அதாவது முதல் பார்வையிலேயே' என்று ஆரம்பிப்பேன். மனைவி உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளிவிடுவாள்.

அவள் நத்தத்திலிருந்து சீதனமாக ஓட்டிவந்த வெள்ளாடு ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் புகுந்தது. அங்கே முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த கூழ்வத்தலை ஒன்று விடாமல் தின்றுவிட்டது. அந்த வீட்டு அக்கா ஆட்டைப் பிடித்துக் கட்டிப்போட்டார்.

"போயி கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. நான் அகராதியோடு போனேன்.

"அக்கா, இது சட்டவிரோதக் காவல். ஹேபியஸ் கார்ப்பஸ் போட வேண்டியிருக்கும்."

"காப்பி போடணுமா? உக்காருங்க தம்பி, இந்தா போடுறேன்."

காப்பி வந்தது. குடித்துக்கொண்டே விளக்கினேன்: அடைத்துவைத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் உத்தரவு அது.

"அது ஆளுக்குத்தானே மாமா?" என்று, காலேஜில் படிக்கும் அவர் மகள் அகராதியை வாங்கிப் புரட்டினாள். 'கால்நடை' என்று தேடித் தேடி ஓரிடத்தில் நின்று உரக்க வாசித்தாள்: "டேமேஜ் ஃபீசன்ட். தன் இடத்தில் புகுந்து சேதம் செய்யும் கால்நடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமை."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீகளா தம்பி, ஒங்க புஸ்தகமே எங்க பக்கம்!"

வெறுங்கையோடு திரும்பினேன். அகராதியும் அங்கேயே மாட்டிக்கொண்டது. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே போனாள்.

"அக்கா, ஆடு தின்ன வத்தலை நாளைக்கு நாங்களே வந்து புழிஞ்சு தாரோம்."

"அம்புட்டுத்தானே! ஓட்டிட்டுப் போ தாயி."

'நாங்கள்' என்றால் நான்தான் என்பது மறுநாள் தெரிந்தது. நான் வெயிலில் குத்தவைத்துக் கூழைப் பிழிய, பெண்கள் மூவரும் நிழலில் அகராதியை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, இத எப்புடிச் சொல்லணும்?" என்று மகள் ஒரு நீளமான லத்தீன் வார்த்தையைக் காட்டினாள். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை.

"அத விடு" என்றாள் மனைவி. "நீங்க புழியிறதப் பாருங்க, கோணலாப் போகுது."