மச்சானுக்குத் தெரியாமல் வாங்கிய கேரியர்

சுற்றுலா வருகிறவர்களைத் தன் வேனில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டுவதுதான் அவருடைய பிழைப்பு. வேன் ஸ்டாண்டில் அவருக்கு 'சரிங்க' என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் அந்த வார்த்தைதான் முந்திக்கொண்டு வரும். ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னாலும் சரிங்க, அடுத்தவர் மூடச் சொன்னாலும் சரிங்க. இப்படிப்பட்ட மனிதர் இத்தனை வருடம் வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்தியதே பெரிய விஷயம்.

வேன் கூரைமேல் பெட்டிகளை ஏற்றும் கேரியர் துருப்பிடித்து ஆட்டம் கண்டபோதுதான் வினை வந்தது. மனைவியின் அண்ணன் வெல்டிங் பட்டறைக்காரர். "கடையில எதுக்கு மாப்ளே? பாதி விலையில நானே அடிச்சுத் தர்றேன்" என்றார், தங்கையின் முன்னாலேயே.

"சரிங்க மச்சான்."

வாய் சொல்லிவிட்டது, கண் வாசல் பக்கம் போய்விட்டது. வீட்டு இரும்புக் கேட்டும் மச்சான் கைவண்ணம்தான். முழங்காலால் முட்டித் தூக்கினால்தான் நகரும். கேட் போகட்டும், அது வீட்டோடு கிடக்கிறது. கேரியர் மலைப்பாதை வளைவுகளில் போக வேண்டியது. ஒரு பெட்டி பறந்து பின்னால் வருகிற வண்டிமேல் விழுந்தால்? மச்சானை நோகடித்தாலோ வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

கடைக்குப் போய்ச் சும்மா பார்த்தார். அலுமினியக் கேரியர், விலை கண்ணைக் கட்டியது. அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். முனகல்கூட இல்லை. மனம் கேட்கவில்லை, வாங்கி வேனில் மாட்டியே கொண்டுவந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாக அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் அளவெடுக்க டேப்போடு வந்து நின்றார். இவர் "வெயில் மச்சான், உள்ள வாங்க" என்று இழுப்பதற்குள் மச்சான் உருவிய தார்ப்பாய் கீழே கிடந்தது.

மச்சான் கேரியரைத் தட்டினார், உலுக்கினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மச்சான்..."

"வயித்துல பால வார்த்தீங்க மாப்ளே! தங்கச்சி முன்னாடி வீறாப்பா வாய விட்டுட்டு ஒரு வாரமாத் தூக்கமில்ல. நகர வேண்டிய கேட்டே எங்கிட்ட நகர மாட்டேங்குது. நகரக் கூடாத கேரியர நான் எப்படி அடிக்கிறது?"

இருவரும் சிரித்த சிரிப்பில் மனைவி டீத்தட்டோடு வெளியே வந்தாள். டீயை வாங்கிய மச்சானுக்குத் தங்கையைக் கண்டதும் பழைய குணம் திரும்பியது. "மேல ஏற ஒரு ஏணி வேணுமே. அத நான் அடிச்சு..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் பாவமாக இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்கு மனது இளகியது.

"வேணாம் மச்சான்."

தட்டைப் பிடித்தபடி மனைவி கணவரையே பார்த்தாள். மச்சான் டீயைக் கீழே வைத்துவிட்டு அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் மாப்ளே."